பிகாஸில் தொடங்கிய வரி

அலுவலகத்தில் அவளுக்கு ஃபுல்ஸ்டாப் என்று பெயர். வைத்த புண்ணியவான் யாரென்று தெரியாது. ஆனால் தபால் கொண்டுவருகிற ஆள்கூட, "ஃபுல்ஸ்டாப் மேடம், உங்களுக்கு மூணு ஃபைல்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லும் அளவுக்கு அது ஒட்டிக்கொண்டுவிட்டது. அவளும் கோபித்துக்கொண்டதில்லை. ஒரு காலத்தில் சிரித்திருக்கிறாள். இப்போது சிரிப்பதும் இல்லை, கோபிப்பதும் இல்லை; ஃபைலை வாங்கி வைத்துக்கொள்வாள்.

வேலையிடங்களில் நடக்கும் விபத்துகளை விசாரிக்கிற அலுவலகம் அது. சாரம் சரிந்து விழுந்தவர், மெஷினில் விரலைக் கொடுத்தவர், பக்கத்தில் நின்று பார்த்தவர், பார்க்கவே இல்லை என்று சாதிப்பவர் எல்லாரும் நடந்ததைத் தங்கள் கையால் எழுதித் தர வேண்டும். பதிவுகள் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். எழுதுகிறவர்களோ வெல்டர்கள், டிரைவர்கள், தரை துடைப்பவர்கள். பள்ளியோடு தலைமுழுகிய ஆங்கிலத்தை மறுபடி தேடிப் பிடித்து, வியர்த்து விறுவிறுத்து ஒரு பக்கம் எழுதுவார்கள். அதைச் சுத்தம் செய்து, டைப் அடித்து, எழுதியவரிடமே படிக்கக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது அவள் வேலை. பதினெட்டு வருடமாக அதே மேசை, அதே ஜன்னல், வெளியே அதே பார்க்கிங்.

மேசைக்கு எதிரே சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு பட்டியல் மாட்டியிருந்தது. ஆங்கில வாக்கியத்தை எந்தச் சொல்லில் தொடங்கக் கூடாது என்று எப்போதோ இருந்த ஒரு ஹெட்கிளார்க் தயாரித்தது. ஆண்ட், பட், ஆர், ஸோ, பிகாஸ், ஆல்ஸோ. எண்ணை எண்ணாகவே எழுதித் தொடங்கக் கூடாது. பன்னிரண்டு பேர் என்றால் எழுத்தில்தான் எழுத வேண்டும். 'பீயிங்' என்று தொடங்கவே கூடாது. தொடங்கினால் யார் என்ன ஆனான் என்று தெரியாமல் வாக்கியம் அந்தரத்தில் தொங்கும்.

பட்டியலில் பாதி உண்மை, பாதி பயம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை வைத்து இப்போதைய ஹெட்கிளார்க்கோடு அவள் மல்லுக்கட்டியதுண்டு.

"சார், எத்தனை நல்ல புஸ்தகத்துல 'ஆண்ட்'னு வாக்கியம் ஆரம்பிக்குது தெரியுமா? 'பட்'னு ஆரம்பிச்சா யாரும் ஜெயில்ல போட மாட்டாங்க. பிகாஸ்ல கூட ஆரம்பிக்கலாம் சார். பின்னாடி மிச்ச வாக்கியம் வரணும், அவ்வளவுதான். சின்னப் பசங்க பாதியிலயே நிறுத்திடுறாங்கன்னு டீச்சருங்க போட்ட வேலி இது."

"வேலின்னு நீயே சொல்லிட்டியே. அப்புறம் ஏன் ஏறிக் குதிக்கிறே?" என்றார் ஹெட்கிளார்க்.

அவள் ஏறிக் குதிக்கவில்லை. ஆனால் பட்டியலுக்கும் எழுதியவருக்கும் நடுவே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். சந்தேகமான வரி வந்தால் எழுதியவருக்கே போன் போட்டுவிடுவாள். "அண்ணே, இந்த மூணாவது வரில என்ன சொல்ல வர்றீங்க?" என்று கேட்டு, புரிந்துகொண்டு, பிறகுதான் கை வைப்பாள். இதனால் அவள் மேசையில் எப்போதும் ஃபைல் தேங்கும். ஹெட்கிளார்க் எப்போதும் முணுமுணுப்பார்.

ஏழு மாதமாக ஃபைல் எதுவும் தேங்கவில்லை.

ஏழு மாதத்துக்கு முன்னால்தான் அவள் கணவர் போனார். மூன்றே நாள் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் ஒரு தாளைக் கொடுத்து, படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். இரண்டாவது பத்தி 'ஹவெவர்' என்று தொடங்கியது. அதற்குப் பின்னால் கமா இல்லையே என்றுதான் அவளுக்கு முதலில் பட்டது. கமாவைப் போட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அதன் பிறகு வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும், "அழுதுடும்மா, உள்ளேயே வச்சுக்காதே" என்றார்கள். உள்ளே ஏதாவது இருந்தால்தானே வெளியே வரும்? நாத்தனார் சமையலறையில் நின்று யாரிடமோ, "கல்லு மாதிரி உக்காந்திருக்கா" என்றது காதில் விழுந்தது. கல் இல்லை, மரத்துப்போன கால் என்று திருத்த வேண்டும் போல இருந்தது. அந்தக் காலை வைத்துக்கொண்டு நடக்கலாம். எங்கே ஊன்றுகிறோம் என்பதுதான் தெரியாது.

பத்து நாள் லீவு முடிந்து வேலைக்குத் திரும்பினாள். ஃபைல்கள் சரசரவென்று நகர்ந்தன. "இப்பதான்மா உனக்கு வேலை பிடிபட்டிருக்கு" என்று ஹெட்கிளார்க் மனதாரப் பாராட்டினார்.

இப்படியே ஆறு மாதம் ஓடிய பிறகு அட்டைப்பெட்டித் தொழிற்சாலை ஃபைல் வந்தது. மத்தியான நேரத்தில் காகிதக் கிடங்கில் தீப்பிடித்திருக்கிறது. உள்ளே இருந்தவர்கள் பின்பக்க கேட்டுக்கு ஓடியிருக்கிறார்கள். கேட் பூட்டியிருந்தது. திரும்பி முன்வாசலுக்கு ஓடியவர்கள் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள், பசை ஒட்டும் பிரிவில் வேலை பார்த்த ஒரு பெண்ணைத் தவிர. கேட்டைப் பூட்டியது யார் என்பதுதான் விசாரணை.

அந்த ஃபைலில் பதினோரு வாக்குமூலங்கள். வாட்ச்மேனுடையது ஏழாவது. கோடு போட்ட தாளில், குண்டு குண்டான எழுத்தில், எழுதி அடித்து எழுதியிருந்தார். அதில் நடுவில் இரண்டு வாக்கியம்: 'ஐ டிட் நாட் லாக் த பேக் கேட். பிகாஸ் த மேனேஜர் டோல்ட் மீ.'

பிகாஸ் என்று ஒரு வாக்கியம் தொடங்குகிறது. பின்னால் மிச்சமும் இல்லை. அவள் கை தானாகப் போனது. நடுவில் இருந்த புள்ளியை எடுத்தாள். பெரிய பி-யைச் சின்ன பி ஆக்கினாள். இரண்டு வாக்கியம் ஒன்றாயிற்று. அடுத்த வரிக்குப் போனாள். மொத்த வாக்குமூலத்துக்கும் நான்கு நிமிடம் ஆகியிருந்தால் அதிகம்.

மறுநாள் வாட்ச்மேன் வந்து, டைப் அடித்த தாளை விரலால் தடவித் தடவிப் படித்தார். வார்த்தை ஒவ்வொன்றும் அவர் எழுதியதுதான். கையெழுத்துப் போட்டுவிட்டு, "ரொம்ப அழகா அடிச்சிருக்கீங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அவர் மறுபடி வந்தார். ஐம்பதைத் தாண்டிய ஆள். யூனிஃபார்ம் இல்லாமல் வேறு யாரோ மாதிரி இருந்தார். உட்காரச் சொன்ன பிறகும் உட்காரவில்லை.

"என்னை வேலைய விட்டு நிறுத்திட்டாங்க மேடம். கேஸும் போடுவாங்களாம். நான்தான் கேட்டைப் பூட்டினேன்னு நானே எழுதிக் குடுத்திருக்கேனாம்."

"நீங்க அப்படி எழுதலையே."

"அதைத்தானே நானும் சொல்றேன்! பூட்டலைன்னுதான் எழுதினேன். கம்பெனி வக்கீலு உங்க தாளை வச்சுக்கிட்டு வேற கதை சொல்றாரு."

அவள் ஃபைலை எடுத்துப் பிரித்தாள். டைப் அடித்த வரி கறுப்பு மையில் ஒழுங்காக நின்றது. படித்தாள். மறுபடி படித்தாள்.

"வக்கீல் என்ன சொன்னாரு? அப்படியே சொல்லுங்க."

வாட்ச்மேன் கண்ணை மூடி ஞாபகப்படுத்திக்கொண்டார். "மேனேஜர் சொன்னதால நான் பூட்டலை. அப்படின்னா என்ன அர்த்தம்னு கேட்டாரு. பூட்டாம விட்டேன்னுதானே அர்த்தம்னேன். இல்லை, பூட்டினது உண்மை, ஆனா மேனேஜர் சொல்லிப் பூட்டலை, நீயா பூட்டியிருக்கேன்னு அர்த்தம்னாரு. எனக்குத் தலை சுத்திருச்சு மேடம். எந்தப் பக்கம் பார்த்தாலும் அவரு சொல்றதும் சரியாத்தான் இருக்கு."

சரியாகத்தான் இருந்தது. மேனேஜர் சொன்னதால் நான் பூட்டவில்லை. தமிழில் சொன்னாலும் அந்த வரிக்கு இரண்டு முகம். ஆங்கிலத்திலும் இரண்டு முகம். வாட்ச்மேனின் தாளில் ஒரே முகம்தான் இருந்தது. நான் பூட்டவில்லை என்று சொல்லி, ஒரு புள்ளி வைத்து, மூச்சு வாங்கி, ஏன் என்று சொல்லியிருந்தார்.

"மேனேஜர் உங்ககிட்ட என்ன சொன்னாரு?" என்று கேட்டாள். மூன்று வாரத்துக்கு முன்னால் போனில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"பின் கேட்டை நீ தொடாதே, அதை நான் பார்த்துக்கறேன்னாரு. ஆளுங்க டீ குடிக்க அந்த வழியா வெளிய போறாங்கன்னு அவருக்குக் கடுப்பு. அவருகிட்டயும் ஒரு சாவி இருக்கு. அதையெல்லாம் எழுத எனக்கு இங்கிலீஷ் வரலை. சுருக்கமா மேனேஜர் சொன்னாருன்னு எழுதினேன்." பிறகு, "நான் எழுதினதுல எங்க மேடம் தப்பு? சொல்லுங்க, தெரிஞ்சுக்கறேன்" என்றார்.

அவர் கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"உங்க தப்பு ஒண்ணும் இல்லை" என்றாள் அவள். தன் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவது போல் இருந்தது. செய்ய வேண்டியது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

ஹெட்கிளார்க் சாப்பிட்டுவிட்டு வந்ததும் போய்ச் சொன்னாள். அவர் பல்குத்தும் குச்சியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"கையெழுத்துப் போட்டுட்டான்ல?"

"போட்டாரு."

"அப்புறம் என்ன? படிச்சுப் பார்த்துட்டுத்தானே போட்டான்?"

"அவரு எழுதின வார்த்தைங்கதான் சார் எல்லாம் இருந்துச்சு. அர்த்தத்தை நான் மாத்திட்டேன்."

"ஒரு புள்ளியை எடுத்ததுக்கா இவ்வளவு? இதோ பாரும்மா. இதைக் கிளறினா பதினெட்டு வருஷமா நீ அடிச்ச அத்தனை தாளையும் வக்கீலுங்க கிளறுவாங்க. எனக்கு ரிட்டயர் ஆக எட்டு மாசம். உனக்கு இப்ப மனசு சரியில்லை. ஒரு வாரம் லீவு போடு."

"மனசெல்லாம் ஒண்ணும் பண்ணலை சார்" என்றாள். அது உண்மையும்கூட. "ஒரிஜினல் எங்க இருக்கு?"

கையால் எழுதிய தாள்கள் ஒரு மாதம் கீழ்த்தளத்து ரெக்கார்ட் ரூமில் கிடக்கும். பிறகு மெஷினில் கிழித்துவிடுவார்கள். அவள் படியிறங்கிப் போனாள். டியூப்லைட் ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. மூட்டை மூட்டையாகக் கட்டி வைத்திருந்த தாள்களில் அந்த மாதத்துக் கட்டை இழுத்துப் போட்டு, தரையிலேயே உட்கார்ந்து தேடினாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடுவது என்பார்களே, அப்படி. தேடத் தேட ஒவ்வொரு தாளிலும் அவள் சிவப்புப் பேனா ஓடியிருந்தது. ஒரு மாதத்திலேயே எத்தனை 'பட்' போயிருக்கிறது, எத்தனை 'ஸோ' போயிருக்கிறது! கிரேன் ஓட்டுகிறவர் ஒருவர் 'ஆண்ட்' என்று தொடங்கிய வரிகளாகவே ஒரு பக்கம் எழுதியிருந்தார். ஆண்ட் அவன் கத்தினான். ஆண்ட் நான் நிறுத்தினேன். ஆண்ட் அவன் கீழே கிடந்தான். மூச்சிரைக்க ஓடிவந்து சொல்வது போல் இருந்தது. அத்தனை 'ஆண்ட்'களையும் அவள் அடித்திருந்தாள். அடித்தது நினைவில் இல்லை.

வாட்ச்மேனின் தாள் நாலரை மணிக்குக் கிடைத்தது. புள்ளியும் பெரிய பி-யும் அதில் அப்படியே இருந்தன. அவற்றின் மேல் அவள் போட்ட சிவப்பு வட்டங்களும் இருந்தன.

வீட்டில் மாமனார் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மகன் போன பிறகு அவர் இங்கேயே தங்கிவிட்டார். இருவரும் ஒரே வீட்டில், ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொள்ளாமல், இரண்டு நாற்காலிகள் போல இருந்தார்கள். தன் சட்டைகளை முடித்த பிறகு மகனுடைய சட்டைகளில் இரண்டை எடுத்து இஸ்திரி போட்டு, மறுபடி அலமாரியிலேயே மாட்டிவிடுவார். அவள் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

அன்று அவள் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு, நடந்ததைச் சொன்னாள். ஏன் சொன்னாள் என்று தெரியவில்லை.

மாமனார் ஒரு காலரைத் திருப்பிப் போட்டார். "நீ சொல்லலைன்னா யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது மாமா. இன்னும் நாலு நாள்ல அந்தத் தாளைக் கிழிச்சிருப்பாங்க."

"சொன்னா உன் வேலை?"

"போகலாம். போகாமயும் இருக்கலாம்."

"பயமா இருக்காம்மா?"

யோசித்துப் பார்த்தாள். "இல்லை மாமா. பயமா இருந்தா நல்லாயிருக்கும்."

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவளை ஒரு முறை பார்த்தார். அவள் சாப்பிட்டு முடித்ததும் தட்டை வாங்கிக் கழுவி வைத்தார். ஏழு மாதத்தில் அது முதல் தடவை.

மறுநாளே விசாரணை, இரண்டாம் மாடி அறையில். ஹெட்கிளார்க்கைக் கேட்காமலே அவள் தாள்களோடு போனாள். நீள மேசை, தண்ணீர் பாட்டில்கள், கடகடக்கிற ஏ.சி. தலைமையில் விசாரணை அதிகாரி. கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு பேசுகிற அம்மாள். ஒரு பக்கம் கம்பெனி வக்கீலும் மேனேஜரும். எதிர்ப்பக்கம் வாட்ச்மேன். சுவரோரம் ஒரு நாற்காலியில், முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கையில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தார். இறந்துபோன பெண்ணின் அண்ணன்.

அவள் இரண்டு தாள்களையும் மேசையில் அடுத்தடுத்து வைத்து, எதை எடுத்தாள், எதை மாற்றினாள் என்று சொன்னாள். வக்கீல் எழுந்தார். சாதுவான குரல்.

"மேடம், பிகாஸ்னு ஒரு ஆங்கில வாக்கியம் தொடங்கலாமா?"

"தொடங்கலாம்."

"உங்க ஆபீஸ்லயே கூடாதுன்னு எழுதி மாட்டியிருக்காமே?"

"மாட்டியிருக்கு. ஆனா அப்படி ஒரு விதி இல்லை. பின்னாடி முழுசா வரணும்னுதான் சொல்லுவாங்க. பேசறப்போ அதுகூட வேண்டாம். அவரு பேசற மாதிரி எழுதியிருந்தாரு."

"அப்போ விதி இல்லைன்னு தெரிஞ்சேதான் திருத்தினீங்க?"

"ஆமா."

"ஏன்? அந்த வாக்கியத்தைப் படிச்சப்போ உங்களுக்கு என்ன அர்த்தம் தோணிச்சு?"

எல்லாரும் ஏதோ பெரிய காரணம் வரப்போகிறது என்று பார்த்தார்கள்.

"ஒண்ணும் தோணலை" என்றாள். "நான் படிக்கவே இல்லை. திருத்தினேன்."

ஏ.சி. கடகடத்தது. விசாரணை அதிகாரி கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு, கையால் எழுதிய தாளை நெடுநேரம் பார்த்தார். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"இவருகிட்ட நீங்க என்ன சொன்னீங்க?"

"எப்போ மேடம்?"

"பின் கேட்டைப் பத்தி."

மேனேஜர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தார். "தொடாதே, நான் பார்த்துக்கறேன்னு சொன்னேன்" என்றார் மேனேஜர். சொன்ன பிறகு அவர் தோள்கள் ஒரு அங்குலம் இறங்கின. சாவி அவர் கார் டேஷ்போர்டிலேயே இருந்தது என்பது சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது.

இடைவேளையில் அவள் வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ஹெல்மெட்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்தத் தாள்ல என் தங்கச்சியைப் பத்தி ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"வாட்ச்மேன் எழுதினதுலயா? ஒரு வரி இருக்கு."

"என்ன?"

அவளுக்கு அது நினைவிருந்தது. நேற்றுத்தான் முதல் தடவையாகப் படித்திருந்தாள். "தினமும் உள்ள வர்றப்போ 'குட்மார்னிங் அங்கிள்'னு சொல்லும்னு எழுதியிருக்காரு."

"டைப் அடிச்சதுல அது இருக்கா?"

"இல்லை. விபத்துக்குச் சம்பந்தமில்லைன்னு நான் எடுத்துட்டேன்."

அவர் தலையாட்டினார். கோபப்படுவார் என்று நினைத்தாள், படவில்லை. "அவ வீட்ல அப்படியெல்லாம் பேச மாட்டா. வாயே திறக்க மாட்டா" என்றார். ஹெல்மெட்டின் பட்டையைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டார். "அதோட ஒரு காப்பி கிடைக்குமா?"

"கையால எழுதினதுல எடுத்துத் தர்றேன்" என்று எழுந்தாள். ஜெராக்ஸ் மெஷினுக்கு முன்னால் நின்று, மூடியைத் திறந்து, தாளை வைக்கும் முன் அந்த ஒரு வரியை இன்னொரு முறை படித்தாள். தாள் கோணலாக விழுந்தது. மறுபடி வைத்தாள்.

வாட்ச்மேன் மேல் தப்பில்லை என்று தீர்ப்பாயிற்று. கம்பெனி திரும்ப அழைத்தும் அவர் போகவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் கேட் வேலை கிடைத்திருந்தது. மேனேஜர் மீது வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அவளுக்கு ஒரு மெமோ கொடுத்து, கீழ்த்தளத்து ரெக்கார்ட் ரூமுக்கு மாற்றினார்கள். ஏழு மாதத்தில் அடித்த தாள்களையெல்லாம், கையால் எழுதியது மிஞ்சியிருந்தால் அதோடு ஒப்பிட்டும், கிழிபட்டிருந்தால் எழுதியவரிடமே கேட்டும் பார்த்து, எங்கெங்கே அர்த்தம் மாறியிருக்கிறது என்று எழுதித் தர வேண்டும். தண்டனையா, வேலையா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கிரேன் ஓட்டுகிறவரின் தாளிலிருந்து தொடங்கினாள். அவருக்குப் போன் போட்டபோது, முதல் மணியிலேயே எடுத்து, "சொல்லுங்கம்மா" என்றார்.

அந்த வாரக் கடைசியில் மாமனார் இஸ்திரி மேசையை விரித்துக்கொண்டே கேட்டார்: "அன்னிக்கு ஆஸ்பத்திரில என்னம்மா நடந்துச்சு? நான் வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. நீ சொல்லவே இல்லையே."

அவள் அலமாரியிலிருந்து சட்டைகளை எடுத்து அவரிடம் நீட்டியபடியே நின்றாள். "காலையில நல்லாத்தான் இருந்தாரு மாமா. பல்லெல்லாம் விளக்கினாரு" என்றாள்.

மாமனார் சட்டையை வாங்கிக்கொள்ளாமல் காத்திருந்தார்.

"அப்புறம் நர்ஸ் வந்தா" என்றாள். அப்புறம், அப்புறம் என்று அடுத்தடுத்த வரிகள் வந்தன.